கண் என்றால் கொண்: சில குறிப்புகள்

அகராதியை ஒரு சொல்லுக்காக எடுத்து, வேறெங்கோ போய் நிற்பது என் வழக்கம். நேற்று ராத்திரி திராவிட வேர்ச்சொல் அகராதியில் 'கண்' என்ற பதிவில் போய் நின்றேன். முதலில் தமிழ். அடுத்து மலையாளம். பிறகு கோத்தர் மொழி: கண். அதற்கடுத்து தோடர் மொழி: கொண். கை எப்படி என்று புரட்டினேன். கோத்தருக்குக் கய், தோடருக்குக் கொய். எருமைக்குத் தோடர் சொல் இர்.

அந்த வரிசைதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. தனக்கென்று எழுத்தில்லாத இரண்டு மலைமொழிகள், ஆயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் முன்னால் இருக்கின்றன. உறவு நெருக்கம் பார்த்துப் போட்ட வரிசை. 1961-இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்த இந்த அகராதியைத் தொகுத்தவர்கள் தாமஸ் பரோ, எம். பி. எமனோ. பரோ பெரும் வடமொழி அறிஞர். ஆனால் 'கொண்' என்ற அந்த ஒரு சொல் அச்சுக்கு வர, நீலகிரிப் பனியில் ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து காது கொடுத்திருக்க வேண்டும். அவர் எமனோ.

*

மரே பார்ன்சன் எமனோ. கனடாவில் நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்க் என்ற மீன்பிடி ஊரில் 1904-இல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்து, யேலில் வடமொழியில் முனைவர் பட்டம் பெற்றார்; வேதாளக் கதைகளின் ஒரு வடமொழிப் பாடம்தான் அவர் ஆய்வு. அப்படியே இருந்திருந்தால் ஓலைச்சுவடிகளோடு ஒரு நல்ல வாழ்க்கை. யேலில் எட்வர்ட் சபீரிடம் அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராயும் முறையைக் கற்றதும் பாதை திரும்பியது. அந்த முறையில் மூன்று வேலைகள்: இலக்கணம், மக்கள் வாயால் சொன்ன கதைகளும் பாட்டுகளும், அகராதி. ஒன்றை விட்டாலும் வேலை அரைகுறை.

1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்தார். தோடர், கோத்தர், படகர் மொழிகள். பிறகு நடு இந்தியாவில் கொலாமி. எல்லாம் கையெழுத்து. சொன்னவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, ஒலி ஒலியாக எழுதியிருக்கிறார்.

அந்த நோட்டுகள் நூல்களான ஆண்டுகளைப் பார்த்தால் மூச்சு நிற்கிறது. கோத்தர் கதைகள் 1944 முதல் 1946 வரை. கொலாமி 1955. தோடர் பாடல்கள் 1971. தூக்கிப் பிடித்துப் படிக்க முடியாத கனமான புத்தகம். தோடர் இலக்கணம் 1984-இல் வந்தபோது அவருக்கு 80 வயது. முப்பது வயதில் எழுதிய நோட்டை எண்பது வயதில் முடித்து வைத்திருக்கிறார். 2005-இல், 101 வயதில் இறந்தார்.

*

கோத்தர் கதைகள் பெரும்பாலும் ஒரே ஆள் வாயிலிருந்து வந்தவை. கொல்லிமலை என்று நாம் சொல்லும் கோத்தர் ஊரைச் சேர்ந்த சுள்ளி. (நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலை வேறு. இது நீலகிரியில் கோத்தரின் ஏழு ஊர்களில் ஒன்று.) இரும்படிப்பதும் பானை வனைவதும் பறையடித்துக் குழலூதுவதும் தொழிலாக இருந்த சமூகத்தில் ஆங்கிலம் படித்து ஆசிரியர் ஆனவர். அதே காலத்தில் அங்கே வந்த மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாமுக்கும் அவர்தான் துணை. சுள்ளி தன் சமூகத்தில் செய்த சீர்திருத்தங்களைப் பற்றி மாண்டல்பாம் 1960-இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஒரு மொழியின் நான்கு தொகுதிக் கதைகளுக்கு ஒரே குரல் என்பது எனக்கு உறுத்தல்தான். அவர் வீட்டுப் பெண்கள் அதே கதையை எப்படிச் சொல்லியிருப்பார்கள்? அடுத்த ஊர்க்காரர் எங்கே மறுத்திருப்பார்? அது பதிவாகாமல் போனது இழப்பு. ஆனாலும் சுள்ளி இல்லையென்றால் அந்த நான்கு தொகுதியும் இல்லை. அட்டையில் எமனோ பெயர் இருக்கிறது. மனத்துக்குள் நான் சுள்ளி பெயரையும் சேர்த்தே வாசிக்கிறேன்.

*

'புலி கிலி', 'காசு கீசு' என்று நாம் சொல்வதை எதிரொலிச் சொல் என்பார்கள். எமனோ 1938-இல் தோடர் மொழியின் எதிரொலிச் சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு, எதிரொலிச் சொல்லை நிஜப் பொருளாக எடுத்துக்கொள்ளும் திராவிட நாட்டுப்புறக் கதைகளைப் பற்றி இன்னொன்று. எங்கள் ஊர் டீக்கடையில் தினமும் பத்துத் தடவை காதில் விழும் ஒன்றில் இவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒருவர் லூனன்பர்கிலிருந்து வர வேண்டியிருந்தது. இந்தி, மராத்தியிலும் இதே பழக்கம் உண்டு. வேறு வேறு குடும்பத்து மொழிகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து ஒன்றின் சாயல் மற்றதில் ஏறுவதை, 1956-இல் இந்தியாவை ஒரே மொழிப்பரப்பாகப் பார்க்கும் புகழ்பெற்ற கட்டுரையில் விரித்தார்.

அதற்கு எங்கள் கம்பம் பள்ளத்தாக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. வீட்டுக்குள் கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ் என்று இருக்கும் குடும்பங்கள். தெலுங்கு பேசும் தெருக்கள். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறும் பெண்கள் குமுளி தாண்டியதும் மலையாளத்துக்கு மாறிக்கொள்வார்கள். யாரும் இதை அதிசயமாக நினைத்ததில்லை.

*

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆசிரியராக இருந்த காலம். ஏழாம் வகுப்பு. மலையடிவாரக் குடியிருப்பிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த, பளியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த பையன். 'நான் பார்த்த மலை' என்று கட்டுரை கொடுத்தேன். மற்றவர்கள் எல்லாம் கோனார் உரையில் உள்ள மலையை எழுதினார்கள். இவன் மட்டும் தேன் எடுக்கப் போனதை எழுதினான், வீட்டில் பேசுகிறபடியே. வினைமுற்றுகள் வேறு மாதிரி முடிந்தன. எனக்குத் தெரியாத சொற்கள் ஏழெட்டு. அத்தனையையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'கொச்சை, திருத்தி எழுதுக' என்று ஓரத்தில் எழுதினேன்.

திருத்தி எழுதினான். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து, கோனார் உரை மலையை அப்படியே. அதற்குப் பத்துக்கு எட்டு போட்டேன். அதன் பிறகு என் வகுப்பில் அவன் தானாக வாய் திறந்ததே இல்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை.

முதல் கட்டுரை இருந்த தாளை நான் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஏழெட்டுச் சொல்லில் ஒன்றுகூட எனக்கு இன்று நினைவில்லை. வட்டம் போட்ட இடங்கள் மட்டும் நினைவிருக்கின்றன.

*

பளியரைப் பற்றி எழுதியவர்கள். 1908-இல் டாமென் என்ற ஏசு சபைத் துறவி பழனிமலைப் பளியர் குறித்து ஆந்த்ரோபோஸ் இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதியில் ஒரு பதிவு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் அவர்களோடு தங்கினார். சண்டை வந்தால் அடித்துக்கொள்ளாமல் ஒருவர் விலகிப் போய்விடும் அவர்கள் வழக்கத்தையும், யாரும் யாருக்கும் மேலில்லை என்ற மரியாதையையும் உலகுக்குச் சொன்னவர் அவர்.

கார்ட்னர் சொன்ன இன்னொன்று மொழி அறிஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது: பளியர் மிகக் குறைவாகப் பேசுகிறவர்கள், நாற்பது வயதுக்கு மேல் பேச்சு இன்னும் சுருங்கிவிடும் என்பது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்தவரைத் தொந்தரவு செய்யாத பண்போடு சேர்த்தே பார்த்தார். எனக்கு அதோடு ஒரு சந்தேகமும் உண்டு. காட்டை எழுதிய கட்டுரையில் வட்டம் போடுகிறவன் முன்னால் யார்தான் அதிகம் பேசுவார்கள்?

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடி வழியாகத்தான் ஏறுவார்கள். கண்ணகி விண்ணேகியதைக் கண்டு சொன்னவர்கள் மலைக்குறவர் என்பது சிலம்பு. கண்டவர்கள் எந்தப் பேச்சில் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கச் சொல்லிக் கொடுத்ததில்லை.

*

பளியர் பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அடிவாரக் குடியிருப்பு, தகரக் கூரை, வாசலில் காயப் போட்ட கடுக்காய். திண்ணை மாதிரி ஒரு மேடையில் உட்கார்ந்து பேரனுக்குக் கயிறு முறுக்கக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வாத்தியாரே, நோட்டு கீட்டெல்லாம் கொண்டாந்திருக்கீக?"

"நீங்க வீட்டுல பேசுறத எழுதிக்கலாம்னு வந்தேன், ஐயா."

"நாங்க பேசுறதுல என்ன இருக்கு? ஒங்க தமிழுதான். கொஞ்சம் இழுத்துப் பேசுவோம், அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டுப் பேரன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். கயிற்றின் முறுக்கு தவறிவிட்டது போல. மூன்று சின்ன வாக்கியம். அதில் எனக்கு ஒரு சொல் பிடிபட்டது. குரல் மேலே போகும் இடமும் இறங்கும் இடமும் எங்கள் பேச்சில் இல்லாத இடங்கள். பென்சிலை எடுத்தேன். உடனே தமிழுக்கு மாறிவிட்டார்.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். திராட்சைக்கு இந்த வருஷம் விலை இல்லை என்றேன். தேனும் இல்லை என்றார். எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்:

"இத எழுதி யாருக்குக் குடுப்பீக?"

என்னிடம் பதில் இல்லை.

*

தூங்கவில்லை. யாருக்குக் கொடுப்பது?

தமிழில் இந்த வேலை செய்தவர்கள் இல்லாமலில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை மலைமொழிகளுக்கு வரிசையாக இலக்கணம் கொண்டுவந்தது. தோடர் மொழிக்குச் சக்திவேல், இருளருக்குப் பெரியாழ்வார், எல்லாம் 1970-களில். செக் நாட்டுக் கமில் சுவலபில் 1973 முதல் இருளர் மொழிக்குப் பாகம் பாகமாக நூல் எழுதினார். மைசூரில் 1969-இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளுக்கென்று 2013-இல் தனித் திட்டமே ஆரம்பித்தது.

மறுபக்கம், 1971-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கில் பத்தாயிரம் பேர் இல்லாத மொழிக்குத் தனி வரி கிடையாது. 2011 கணக்கில் இருளர் மொழி தமிழ் என்ற தலைப்புக்கு உள்ளே இருக்கிறது. தமிழின் எண்ணிக்கை கூடுகிறது என்று சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. தங்கையை மகளாக எழுதிக் குடும்ப அட்டையை முடித்த மாதிரி இருக்கிறது.

*

ர, ற வேறுபாட்டை எங்கள் வாய் தொலைத்து எவ்வளவோ காலம் ஆயிற்று. எழுத்தில் மட்டும் வைத்துக் குழந்தைகளை அடிக்கிறோம். வாழைப்பழம் இங்கே வாளப்பளம்தான். தோடர் மொழியிலோ நாக்கை அதிர வைக்கும் ரகரம் மூன்று இடங்களில் பிறக்கிறது. ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயல் ஏறிய இணை ஒன்று. ஆக ஆறு. பீட்டர் லேடிஃபோகெட்டும் பெரி பாஸ்கரராவும் இன்னொருவரும் 1996-இல் அதை அளந்து எழுதினார்கள். உலகத்தில் இது மிக அரிது. மந்து என்னும் தோடர் குடியிருப்பு ஒன்றில் ஏதோ ஒரு பாட்டி எருமையைக் கூப்பிடும்போது அந்த ஆறும் சாதாரணமாக வந்து போகும்.

*

அதே லேடிஃபோகெட் 1992-இல் எழுதியதோடு எனக்கு நெடுநாள் வழக்கு. மொழிகள் அழிவதைப் பற்றிக் கென் ஹேலும் மற்றவர்களும் எச்சரித்தபோது, அவர் வேறு பக்கம் பேசினார். தோடர் பலர் புதிய இந்தியாவின் பகுதியாக விரும்புகிறார்கள், அதற்கு விலையாகத் தம் மொழியைத் தினசரி வாழ்வில் விடவும் சம்மதிக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மொழி அறிஞன் யார் என்றார். கென்யாவில் தஹாலோ மொழி பேசும் ஒருவர், தன் மகன்கள் இனி சுவாஹிலி மட்டும்தான் பேசுவார்கள் என்று பெருமையோடு சொன்னதையும் எழுதினார்.

கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்காரரும் அதே பெருமையோடு சொல்லியிருக்கிறார், மகன் இங்கிலீஷ்தான் பேசுவான் என்று. அந்தத் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிள்ளை சோறு தின்ன வேண்டும்.

ஸ்காட்லாந்தில் கேலிக் பேசும் மீனவர்களோடு பல்லாண்டு வேலை செய்த நான்சி டோரியன் 1993-இல் பதில் எழுதினார். விட்டுவிடும் தலைமுறையின் சம்மதத்தோடு கணக்கு முடிவதில்லை, பின்னால் வரும் பேரப்பிள்ளைகள் ஏன் எனக்குத் தரவில்லை என்று கேட்பார்கள் என்பது அதன் சாரம். நான் டோரியன் பக்கம். சம்மதம் என்பதும் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒருவன் நோட்டில் வட்டம் போட்ட பிறகு வந்த சம்மதம் அது.

*

எமனோவின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி நீலகிரியில் இல்லை, கலிஃபோர்னியாவில் இருக்கிறது. பெர்க்லியில் மொழியியல் துறையை உருவாக்கியவர் அவர். 1950-களின் தொடக்கத்தில் மேரி ஹாஸோடு சேர்ந்து கலிஃபோர்னியப் பழங்குடி மொழிகளுக்கு ஓர் ஆய்வுத் திட்டத்தையும் தொடங்கினார். மாணவர்கள் ஒவ்வொருவராக ஒரு மொழிக்குப் போனார்கள். வில்லியம் பிரைட் கரூக் மொழிக்குப் போய் 1957-இல் இலக்கணம், கதைகள், அகராதி மூன்றையும் ஒரே நூலாகக் கொண்டுவந்தார். (அவர் கன்னடப் பேச்சு வழக்கையும் ஆராய்ந்தவர்.) நோட்டுகளும் ஒலிநாடாக்களும் பெட்டி பெட்டியாகப் பெர்க்லியில் சேர்ந்தன. அதற்குள் அந்த மொழிகளைப் பேசிய முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

1990-களில் லியான் ஹின்டன் ஒரு வேலை செய்தார். பேசுவோர் யாரும் மிஞ்சாத மொழிகளின் வாரிசுகளைப் பெர்க்லிக்குக் கூப்பிட்டார். ஒரு வாரம். ஆளுக்கு ஒரு மொழியியல் மாணவர் துணை. பெட்டியைத் திறந்து கொடுத்தார்கள். தன் கொள்ளுப்பாட்டி சொன்ன கதையை, தன் கொள்ளுப்பாட்டியின் பெயரோடு, யாரோ பென்சிலில் எழுதிய தாளில் வாசிக்கிறாள் ஒரு பெண். முதலில் எழுத்துக்கூட்ட வேண்டும். பிறகு வாய்விட்டு. வாரக் கடைசியில் எல்லோர் முன்னாலும் ஒரு வேண்டுதலோ ஒரு சின்னக் கதையோ சொல்ல வேண்டும்.

பேசுவோர் இன்னும் இருக்கும் மொழிக்கு வேறு முறை. ஒரு மூத்தவர், ஒரு இளையவர், வாரத்தில் பத்து இருபது மணி நேரம் சேர்ந்து இருப்பார்கள். சமையல், துணி துவைப்பது, கடைக்குப் போவது, எல்லாம் அந்த மொழியில் மட்டும். இங்கிலீஷ் வரக் கூடாது. புத்தகம் வேண்டாம், வகுப்பு வேண்டாம். கயிறு முறுக்கும் பெரியவரும் பேரனும் செய்துகொண்டிருந்தது அதுதான், நான் பென்சிலை எடுக்கும் வரை.

பிரைட்டை 2006-இல், அவர் இறந்த அதே ஆண்டில், கரூக் மக்கள் தங்களில் ஒருவராகக் கௌரவித்தார்கள். 'யாருக்குக் குடுப்பீக' என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்திருக்கிறது.

*

எல்லா இடத்திலும் அப்படி அமைவதில்லை. அந்தமான். மொழியியலாளர் அன்விதா அப்பி 2005 வாக்கில் பெரிய அந்தமானிய மொழிகளைப் பதிவு செய்யப் போனார். போ மொழி பேசிய கடைசி மனுஷி போவா. சுனாமியில் பிழைத்தவர். தன் மொழியில் பதில் சொல்ல ஆள் இல்லாததால் பறவைகளோடு பேசுவாராம். 2010 ஜனவரி 26-இல் இறந்தார். அப்பியின் அகராதி 2012-இல் வந்தது.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

*

எங்கள் ஊர்ப் பெயரிலேயே இராயப்பர் இருக்கிறார். பழைய கத்தோலிக்கத் தமிழில் பேதுருதான் இராயப்பர். பவுல் சின்னப்பர், லத்தீனில் அந்தப் பெயருக்குச் 'சிறியவன்' என்று பொருள் என்பதால். யோவான் அருளப்பர். வெளியிலிருந்து வந்த பெயர்களை அப்பன் என்று முடித்து வீட்டுக்குள் கூட்டி வந்திருக்கிறார்கள். பாட்டி பூசைக்குப் போவாள், சர்வேசுரனைக் கும்பிடுவாள், இஸ்பிரீத்து சாந்துவின் பேரில் சிலுவை போடுவாள். நாங்கள் திருப்பலிக்குப் போகிறோம், கடவுள் என்கிறோம், தூய ஆவி என்கிறோம். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் பேதுருதான். பனிமய மாதா கோயில் திருவிழாவில் பேத்தியிடம் இராயப்பர் யார் என்று கேட்டேன். நம்ம ஊருதானே தாத்தா என்றாள்.

மாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை. நல்ல தமிழ் வேண்டும் என்றுதான் மாற்றினார்கள். ஆனால் பாட்டியின் செபப் புத்தகத்தைப் பேத்தியால் வாசிக்க முடியவில்லை. ஏழு கோடிப் பேர் பேசும் மொழியில், ஒரு வீட்டுக்குள், இரண்டு தலைமுறையில் நடந்தது இது. சில ஆயிரம் பேர் பேசும் பேச்சுக்கு எவ்வளவு நாள் ஆகும்?

*

மறுபடி போனேன். இந்த முறை நோட்டு மூன்று. ஒன்றைப் பெரியவரிடமும் ஒன்றைப் பேரனிடமும் கொடுத்தேன். மூன்றாவது எனக்கு. பேரன் எழுதுவது முதல் பிரதி, அதைப் பார்த்து நான் எழுதிக்கொள்வேன், மூலம் அவர்கள் வீட்டிலேயே இருக்கும் என்று சொன்னேன். பெரியவர் நோட்டை முகர்ந்து பார்த்தார். அவருக்கு எழுதத் தெரியாது. ஆனாலும் வைத்துக்கொண்டார்.

ஒரு நிபந்தனை போட்டார். சொல்லும் சொற்களைத் தன்னைக் கேட்காமல் அச்சில் போடக் கூடாது. சரி என்றேன். அதனால் இங்கே அவை இல்லை.

பேரன் முதல் சொல்லை எழுதத் தொடங்கினான். ஓரிடத்தில் நின்று என்னைப் பார்த்தான். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனே யோசித்து, பக்கத்து எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தான். தாத்தாவிடம் வாசித்துக் காட்டினான். அவர் தலையாட்டவில்லை. இன்னொரு தடவை சொன்னார், மெதுவாக. அவன் புள்ளியை அழித்துவிட்டு ஒரு சின்னக் கோடு போட்டான். இந்த முறை சரி என்றார்.

பதினொரு சொல் ஆயிற்று. காடு, கிழங்கு, மழை வகைகள். அடுத்து மாமன், அத்தை, கொழுந்தன் போன்ற உறவுப் பெயர்களைக் கேட்டேன். கையை விரித்தார்.

"அதெல்லாம் கெழவிக்குத்தான் தெரியும். வெறகுக்குப் போயிருக்கா. ஞாயித்துக்கெழம வாங்க."